ஈகையும் செய்தியும்

திருக்குறளில் 23-ஆம் அதிகாரம் ஈகை. 24-ஆம் அதிகாரம் புகழ். இவ்விரண்டையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தது தற்செயலன்று என வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறோம். ஆயினும், ஈகைக்கும் புகழுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு வழியில் எத்தனை இடறல்கள் உள்ளன என்பதை, நண்பர்கள் சிலர் கூடி ஒரு கல்வி உதவிக் குழுவை நடத்தத் தொடங்கிய பின்னரே உணர்ந்தோம். அவ்வழியில்தான் நாளிதழும் வானொலியும் உள்ளூர்த் தொலைக்காட்சியும் நிற்கின்றன.

இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் பலர் நாளை ஒரு சிறு கடையையோ குடிசைத் தொழிலையோ ஊர்நலச் சங்கத்தையோ பைத்துல்மாலையோ நடத்தப் போகின்றவர்கள். பெரியோர்களுள் பலர் இன்றே அவற்றைத் தாங்கி நடத்தி வருபவர்கள். பெருநிறுவனங்களுக்கு விளம்பரத்துறை உண்டு. அதற்கெனத் தனி அலுவலர்களும் உண்டு. நம்மைப் போன்ற சிறியோர்க்கு உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரே துணை. அவரோடு எவ்வாறு பழகுவது என்பதை எங்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லை. தவறு செய்தே கற்றோம். அத்தவறுகளை மறைக்காமல் எழுதினால் பின்வருவோர்க்கு ஒரு கைவிளக்காக உதவக்கூடும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

குழுவின் முதற்கூட்டத்திலேயே மூத்தவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். "செய்வது தருமம், அதைப் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டுமா?" என்றார். ஏழைக்கு மறைவாக அளிப்பதைத் திருக்குர்ஆன் மேலானதாகச் சிறப்பிக்கிறது; வெளிப்படையாக அளிப்பதையும் அது நன்றென ஏற்கிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 271-ஆம் வசனம் இவ்விரண்டையும் ஒருங்கே பேசுகிறது. எனவே, செய்தி வெளிவரலாமா கூடாதா என்பது எங்கள் வினாவாக இருக்க முடியாது. எதை வெளியிடுவது, எதை மறைப்பது என்பதே வினா என அன்று முடிவு செய்தோம். முடிவு சரியானதே. அதன் பொருள் எங்களுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

தமிழ் முஸ்லிம்களுக்கு இவ்வினா புதிதன்று. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியையும் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரையும் இன்று நாம் அறிவது புலவர்தம் வாக்கினால். தம் புகழைத் தாமே பாடிக்கொண்ட வள்ளல் எவரையும் தமிழுலகம் நினைவில் வைத்திருக்கவில்லை. அச்சு வந்தபின் அப்பணி இதழ்களிடம் வந்தது. இலங்கையில் சித்தி லெப்பை 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியதும், தமிழகத்தில் பா. தாவூத்ஷா 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்தியதும் கல்வியையும் சீர்திருத்தத்தையும் மக்களிடம் கொண்டு செல்வதற்கே. செய்தித்தாளைக் கண்டு ஒதுங்கிய சமுதாயம் அன்று நம் சமுதாயம்.

எங்கள் முதல் செய்திக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டு பன்னிரண்டு மாணவர்க்குக் கல்விக் கட்டணம் வழங்கும் விழா நடத்தினோம். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், கிராஅத் ஓதியவர், வரவேற்றவர், வாழ்த்தியவர்கள், தொகுத்து வழங்கியவர், நன்றி கூறியவர் என இருபத்து மூன்று பெயர்களைக் கொண்ட அறிக்கையை எழுதி, விழா முடிந்த மூன்றாம் நாள் நாளிதழ் ஒன்றின் செய்தியாளரிடம் கொடுத்தோம். நான்கு வரிச் செய்தி வந்தது. இருபத்து மூன்று பெயர்களுள் இரண்டே இடம்பெற்றன. விடுபட்டவர்களுள் ஒருவர் எங்களோடு ஓராண்டு பேசவில்லை!

சினத்தோடு அச்செய்தியாளரைக் காணச் சென்றோம். அவர் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர். தேநீர் வாங்கித் தந்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "ஐயா, உங்கள் அறிக்கையில் பன்னிரண்டு மாணவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! எந்த வகுப்பு, எவ்வளவு தொகை, அடுத்த ஆண்டு உதவி வேண்டுவோர் யாரை அணுக வேண்டும் என்பது எதுவும் இல்லையே! காலையில் பத்திரிகையைப் பிரிக்கும் ஒரு தாய்க்கு உங்கள் செய்தியில் என்ன இருக்கிறது?"

எங்களிடம் விடையில்லை. நாங்கள் எழுதியது செய்தியன்று. மேடையின் வருகைப் பதிவேடு.

அன்று மாலை அவர் தம் தொழிலின் உள்நிலையையும் விளக்கினார். சிற்றூர்ச் செய்தியாளருள் பெரும்பாலோர் முழுநேர ஊழியர் அல்லர். பகுதிநேரமாக எழுதுவோர், பலர் வேறு தொழிலும் செய்வோர். விபத்து, நீதிமன்றம், நகராட்சிக் கூட்டம், குடிநீர்த் தட்டுப்பாடு எனப் பலவற்றுக்கும் அவர் ஒருவரே ஓட வேண்டும். மாவட்டப் பக்கங்களில் இடம் சிறிது. அவை மாலையிலேயே வடிவம் பெற்றுவிடுகின்றன. இரவு ஒன்பது மணிக்கு வரும் செய்தி எத்துணைச் சிறந்ததாயினும் இடம் பெறுவது அரிது. மேலும், செய்தி அனுப்புபவர் அவர்; எதை வெளியிடுவது, எவ்வளவு வெட்டுவது என முடிவு செய்பவர் அலுவலகத்தில் அமர்ந்துள்ள உதவி ஆசிரியர். வெட்டப்பட்ட வரிக்காகச் செய்தியாளரைக் கடிந்துகொள்வது, மழை பெய்யாததற்கு அஞ்சல்காரரைக் கடிந்துகொள்வதற்கு ஒப்பாகும்.

அதன்பின் எங்கள் அறிக்கை மாறியது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதினோம். முதல் பத்தியிலேயே என்ன, எங்கே, எப்போது, யாருக்குப் பயன் என்பவற்றைச் சொன்னோம். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னரே தகவல் தந்தோம். நிகழ்ச்சியன்று மாலைக்குள் முழு விவரமும் தந்தோம். பெயர்களின் எழுத்துக்கோப்பை இருமுறை சரிபார்த்தோம். ஐயம் கேட்க எப்போது அழைத்தாலும் பேசக்கூடிய ஒருவரைக் குழுவின் சார்பில் நியமித்தோம். மேடையில் இருந்தோர் பெயர்களை எங்கள் ஆண்டறிக்கையில் அச்சிட்டு அவர்களுக்கே அனுப்பினோம், அவர்களும் மகிழ்ந்தனர். பேசாமலிருந்த பெரியவரும் பேசினார்.

இத்துடன் நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவை இருந்திராது. 2012-ஆம் ஆண்டு நாங்கள் செய்த பிழையே எங்களை இன்றளவும் உறுத்துவது.

அவ்வாண்டு விழாவில் எடுத்த நிழற்படம் ஒன்று நாளிதழில் நன்கு பெரிதாக வெளிவந்தது. நாங்கள் வரிசையாக நிற்கிறோம். நடுவே பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி காசோலையைப் பெறுகிறாள். படத்தின் கீழே, தந்தையை இழந்த ஏழை மாணவி என்ற குறிப்போடு அவள் பெயரும் தெருவும் இருந்தன. அக்குறிப்பைப் பத்திரிகை தானாக எழுதவில்லை. நாங்கள்தாம் எழுதிக் கொடுத்திருந்தோம். படம் வந்த மகிழ்ச்சியில் பத்துப் பிரதிகள் வாங்கினோம்.

இரண்டு வாரம் கழித்து அப்பெண் பள்ளிக்கு வரவில்லை எனத் தலைமையாசிரியர் தெரிவித்தார். வீட்டுக்குச் சென்றோம். திரைக்குப் பின்னிருந்து தாய் பேசினார். "உங்கள் உதவியை நாங்கள் மறக்கவில்லை சார். ஆனால் முக்குக் கடையில் அந்தப் பேப்பரில்தான் மிளகாய்வற்றல் மடித்துக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தாள் பிள்ளை. அதிலிருந்து வெளியே போக மாட்டேன் என்கிறாள்."

நாங்கள் தலைகுனிந்து திரும்பினோம். ஓராண்டுக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு விலையாக அவள் மானத்தைப் பெற்றுக்கொண்டோமோ என்ற எண்ணம் எங்களை உறங்கவிடவில்லை. ஆசிரியைகள் இருவர் பலமுறை சென்று பேசிய பின் அவள் மீண்டும் பள்ளிக்கு வந்தாள். அன்று எடுத்த முடிவு இன்றும் எங்கள் தீர்மானப் புத்தகத்தில் உள்ளது: உதவி பெறுவோரின் முகமோ பெயரோ முகவரியோ எந்நாளும் வெளியிடப்படாது. படம் வேண்டுமெனில் புத்தகக் கட்டுகளின் படம் போதும். எண்ணிக்கையும் தொகையும் போதும்.

இது அறம் மட்டுமன்று. சில இடங்களில் சட்டமும் ஆகும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் தடை செய்கிறது. மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அனாதை நிலையம் நடத்தும் நம் பெரியோர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஐந்து கிலோ அரிசிக்கு ஐந்து பேர் நின்று படம் எடுத்த காட்சிகளை நாடெங்கும் கண்டோம். பெறுபவரின் தாழ்ந்த கண்களை அப்படங்களில் பார்த்தவர் எத்தனை பேர்?

தொழில்முனைவோர்க்கும் இதில் பாடம் உண்டு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் மகளிர் சிலர் எங்கள் மாணவியர் வழியாக அறிமுகம் ஆயினர். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டு நூற்பாவில் நெய்யும் நுண்தொழில் அது. மணமக்கள் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தரும் வழக்கமும் அங்கு உண்டு. பத்தமடைப் பாய்க்கு 2012-13-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் நெகிழிப் பாயோடு போட்டியிட்டு அவர்கள் தளர்ந்திருந்தனர்.

அவர்களுள் மூத்தவரான ஒரு லாத்தா புதிதாகச் சிறு விற்பனைக் கூடம் திறந்தபோது, அதனைச் செய்தியாக வெளியிட வேண்டும் என விரும்பினார். பழைய மாணவரான செய்தியாளரோ, "கடை திறப்பு விளம்பரம், லாத்தா, அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் கோரை எப்படிப் பாயாகிறது என்பது செய்தி, அதற்குக் கட்டணம் இல்லை" என்றார். சிறுதொழில் செய்வோர் அனைவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. விற்பவருக்குப் பயன்படுவது விளம்பரம். படிப்பவருக்குப் பயன்படுவது செய்தி. கைப்பாயையும் ஆலைப்பாயையும் எவ்வாறு இனங்காண்பது, நுண்பாயை எவ்வாறு பேணுவது என்பன போன்றவற்றை அவர் கேட்டு எழுதினார். 2014-இல் அக்கட்டுரை அரைப்பக்கம் வெளிவந்தது.

மறுநாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஆனால் நுண்பாய் ஒன்றை நெய்யப் பல வாரங்கள் ஆகும். கேட்டவர்க்கெல்லாம் "அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டார் லாத்தா. அடுத்த வாரம் வந்தது; பாய் வரவில்லை. முன்பணம் தந்தோர் சிலர் கடிந்து பேசினர். புகழ் வருமுன் சரக்கு இருக்க வேண்டும். இல்லையெனில் எத்தனை நாளில் தர இயலும் என்ற உண்மையையாவது செய்தியாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும்படி அவருக்கு நினைவூட்டாதது எங்கள் குறையே. பின்னர், வரும் ஆணைகளை ஏட்டில் வரிசையாக எழுதி, தரும் நாளையும் எழுதிக் கொடுக்கப் பழகினார். இன்றும் அவ்வாறே நடக்கிறது.

நாளிதழ் ஒன்றையே நம்பியிருக்கவும் வேண்டுவதில்லை. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் இப்பகுதியின் உழவர்க்கும் மகளிர்க்கும் கைவினைஞர்க்கும் நெடுங்காலமாகச் செவிகொடுத்து வந்துள்ளது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004-இல் தொடங்கியதே நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் இத்தகைய வானொலியை நடத்த அரசு இசைவளித்தது. எழுதப் படிக்க அறியாத தாய்மார்க்கு அச்சைவிடக் குரலே எளிது. கேபிள் தொலைக்காட்சியும், கைப்பேசி ஒன்றைக்கொண்டே நடத்தப்படும் ஊர்ச் செய்தி அலைவரிசைகளும் உள்ளன. ஆனால் விளம்பரம் கேட்டு வருவோர் எல்லாரும் இதழாளர் அல்லர். 1867-ஆம் ஆண்டின் பழைய பத்திரிகைப் பதிவுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. இதழ் முறையாகப் பதிவு பெற்றதா எனக் கேட்டறிந்த பின் விளம்பரம் தருவதே நன்று. அவ்வாறே, உரிய பதிவு பெறாத அறக்கட்டளை தன் வேண்டுகோளில் வருமான வரிச் சலுகை உண்டு என அச்சிடுதல் கூடாது.

இன்னொன்றையும் கூசாமல் சொல்ல வேண்டும். ஒரு விழா முடிவில் எங்கள் குழுவினர் ஒருவர், செய்தியாளர்களுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுத்தார். அது வழக்கம் என எவரோ சொல்லியிருந்தனர். சிலர் பெற்றுக்கொண்டனர். இளைஞர் ஒருவர் மட்டும் உறையைத் திருப்பித் தந்து, "இதை இன்னொரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். தருமப் பணத்திலிருந்து எடுத்த உறை அது என்பதை அவர் சொல்லித்தான் நாங்கள் உணர்ந்தோம். இதழாளர் அன்பளிப்புப் பெறலாகாது என்பதே இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறியும் ஆகும். அவருக்குக் குளிர்ந்த நீரும், அமர ஓர் இருக்கையும், பிழையற்ற தகவலும் தருவதே நாம் செய்யக்கூடிய மரியாதை.

இந்நேர்மையின் மதிப்பு 2019-இல் தெரிந்தது. எங்கள் குழுவின் பணம் வேறு வழியில் செலவாகிறது என்ற வதந்தி வாட்சப்பில் பரவியது. வாய்மூடி இருப்போம் என்றனர் சிலர். வழக்குத் தொடுப்போம் என்றனர் சிலர். உறையைத் திருப்பித் தந்த அதே இளைஞர் விளக்கம் கேட்டு வந்தார். கணக்கேடுகள், வங்கிப் புத்தகம், தணிக்கையாளர் அறிக்கை அனைத்தையும் அவர் முன் வைத்தோம். மாணவர் பெயர்களை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்திருந்தோம். இரண்டு மணி நேரம் பார்த்தார். ஓரிடத்தில் மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு இரசீது இல்லை என்பதையும் கண்டுபிடித்தார். அதனையும் மறைக்காமல் எழுதினார். நாங்களும் ஒப்புக்கொண்டு அத்தொகையை எங்கள் கையிலிருந்து கட்டினோம். செய்தி வெளிவந்தபின் வதந்தி அடங்கியது. எங்களைப் புகழ்ந்து எழுதியிருந்தால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்; குறையையும் சேர்த்து எழுதியதாலேயே நம்பினர்.

செய்தியில் பிழை நேரின் என் செய்வது என மாணவர் கேட்கலாம். முதலில் ஆசிரியருக்குப் பணிவாக, சான்றுகளுடன் எழுத வேண்டும். பெரும்பாலான பிழைகள் அவ்வளவில் திருத்தம் பெறும். நாளிதழ், பருவ இதழ்களைப் பொறுத்தவரை, ஆசிரியர் செவிசாய்க்காவிடில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பத்திரிகை மன்றத்திடம் முறையிடலாம். அம்மன்றம் எச்சரிக்கவும் கண்டிக்கவும் வல்லது. தண்டம் விதிக்கும் அதிகாரம் அதற்கில்லை. எனவே, முறையீட்டைவிட முன்பே வளர்த்துக்கொண்ட நட்பே பெருந்துணை. இடர் வந்த நாளில் மட்டும் செய்தியாளரைத் தேடுவோர்க்கு அந்நட்பு வாய்ப்பதில்லை.

அன்புசால் மாணவர்களே, நீங்கள் தமிழ் கற்றவர்கள். உங்கள் ஊரின் சிறு வணிகருக்கும் அறப்பணி செய்வோருக்கும் நல்ல தமிழில் ஒரு பக்க அறிக்கை எழுதித் தருவது உங்களால் இயலும். அது எளிய தொண்டு போலத் தோன்றலாம். ஆயினும் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஓர் உயிரின் மானத்தைத் தொடும் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். "ஏழை" என்ற ஒரு சொல்லை அன்று நாங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம்.

2012-இல் அப்படத்தில் நின்ற மாணவி பின்னர்ப் பட்டம் பெற்று இன்று ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு எங்கள் குழுவுக்கு நன்கொடை அனுப்பியிருந்தார். அதனுடன் ஒரு சிறு தாளில், தம் பெயரை எங்கும் வெளியிட வேண்டா என எழுதியிருந்தார். எங்களை அவர் மன்னித்துவிட்டாரா என்பது தெரியவில்லை. கேட்கும் துணிவும் எங்களுக்கு வரவில்லை. ஆண்டறிக்கையின் நன்கொடையாளர் பட்டியலில் அத்தொகைக்கு நேரே 'ஒரு நலம்விரும்பி' என்று மட்டும் அச்சிட்டோம்.

கொடுக்கும் கைக்கு அடக்கத்தையும், எழுதும் கைக்கு வாய்மையையும் வல்ல இறைவன் வழங்குவானாக.